‘ஸ்டாடிக் பிரிவேல்ஸ்’ வெறும் ஒத்திகையா?

2024 ஜூன் 2 (கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

ஜிம்மி ஈட் வேர்ல்ட் என்ற ரொக் குழுவைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு ‘கிளாரிட்டி’ அல்பம் போதும் என்பது என் கருத்து. அதற்கு முந்தைய ‘ஸ்டாடிக் பிரிவேல்ஸ்’ வெறும் ஒத்திகை. பாடகர் யார் என்றே முடிவாகாத அல்பம். இங்கே யாராவது அதை முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் ஏன்?

2024 ஜூன் 2, இரவு

முழுசாகக் கேட்டிருக்கிறேன், இன்றும் கேட்கிறேன். நான் மட்டக்களப்பு, கல்லடியில் சவுண்ட் வேலை செய்பவன். கோயில் திருவிழா, கலியாணம், கூத்து என்று எல்லாவற்றுக்கும் பொக்ஸ் தூக்குகிறோம். நாள் முழுக்கச் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கத் தோன்றுகிற அல்பங்கள் மிகக் கொஞ்சம். இது அதில் ஒன்று.

குழுவைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அரிசோனாவில் மேசா என்ற ஊரில் 1993-இல் சேர்ந்த பொடியன்கள். ஜிம் அட்கின்ஸ், டொம் லின்டன் இருவரும் கிற்றாரும் குரலும், சாக் லிண்ட் ட்ரம்ஸ். 1994-இல் ஊர் மட்டத்துச் சின்ன நிறுவனம் ஒன்றில் முதல் அல்பம் வந்தது. அதில் பெரும்பாலும் லின்டன்தான் பாடினார். பிறகு பேஸ் வாசிப்பவர் மாறி ரிக் பேர்ச் வந்தார். கப்பிட்டல் என்ற பெரிய நிறுவனம் இவர்களை எடுத்துக்கொண்டது. 1996 ஜூலையில் ‘ஸ்டாடிக் பிரிவேல்ஸ்’. பன்னிரண்டு பாட்டு. எல்லோருக்கும் அப்போது இருபது வயதுக் கணக்கு.

அது விற்கவில்லை. 1999-இல் வந்த ‘கிளாரிட்டி’யும் அந்த நேரத்தில் பெரிதாக விற்கவில்லை, நிறுவனம் கைவிட்டுவிட்டது. இவர்கள் சொந்தக் காசில் அடுத்ததைப் பதிவு செய்தார்கள். 2001-இல் ‘பிளீட் அமெரிக்கன்’ வந்தது. அதிலிருந்த ‘தி மிடில்’ அடுத்த வருஷம் அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 பாட்டுப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டால் இவர்களைக் கண்டுபிடித்தவர்கள் பின்னோக்கிப் போய் ‘கிளாரிட்டி’யைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அதோடு நின்றுவிட்டார்கள். இன்னும் ஓர் அடி பின்னால் போக ஆளில்லை.

குழுவே கூட அப்படித்தான். 2009-இல் ‘கிளாரிட்டி’யின் பத்தாம் ஆண்டுக்கு ஊர் ஊராகப் போய் அதை முழுசாக வாசித்தார்கள். 2021 தொடக்கத்தில் கொரோனாவால் மேடை இல்லாதபோது மூன்று அல்பங்களை முழுசாக வாசித்து இணையத்தில் காட்டினார்கள்: ‘சர்வைவிங்’, ‘ஃபியூச்சர்ஸ்’, ‘கிளாரிட்டி’. எனக்கு வேண்டியது அந்த மூன்றில் இல்லை.

2024 ஜூன் 3

தம்பி சொன்ன “பாடகர் யார் என்றே முடிவாகாத அல்பம்” என்பதைப் பற்றி. உண்மை, முடிவாகவில்லை. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

லின்டன் குரலில் கரகரப்பு உண்டு, தொண்டையிலிருந்து நேரே வருகிறது. அட்கின்ஸ் குரல் தெளிவு, மேலே போகும்போது கொஞ்சம் உடையும். முதல் பாட்டு ‘திங்கிங், தட்ஸ் ஓல்’ தொடங்கினதும் இருவரும் ஒருவர் வாய்க்குள் இன்னொருவர் புகுந்து கத்துகிறார்கள். பிறகு அல்பம் முழுக்க ஆள் மாறி மாறி வருகிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரும்போது யார் வாயைத் திறக்கப் போகிறார் என்று காத்திருக்க வேண்டும்.

கூத்துக்கு மைக் வைத்துப் பழகியவனுக்கு இது புதுசு இல்லை. வட்டக்களரியில், அதாவது கூத்து ஆடும் வட்ட மேடையில், ஆடுகிறவர் ஓர் அடி பாடுவார், கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரும் பின்னால் நின்று பாடுகிற பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கித் திருப்பிப் படிப்பார்கள். ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது என்பது வெளிக் காரணம். உள்ளுக்குள் நடப்பது வேறு. ஒருவர் தன் துக்கத்தைச் சொல்கிறார், பக்கத்தில் நிற்பவர்கள் அதை அப்படியே வாங்கிச் சொல்கிறார்கள். துக்கம் ஓர் ஆளுடையதாக இல்லாமல் போகிறது. பிற்பாட்டுக்கு மைக் வைக்காமல் ஆடுகிறவருக்கு மட்டும் வைத்த கூத்துகளைக் கேட்டுப் பாருங்கள், பாதி உயிர் இருக்காது.

‘கிளாரிட்டி’யிலிருந்து இந்தக் குழுவில் துக்கம் ஓர் ஆளுடையதாகிவிட்டது. அட்கின்ஸ் அதை அருமையாகப் பாடுகிறார், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் 1996-இல் அது இருவருடையதாக இருந்தது.

2024 ஜூன் 3, பின்னேரம்

ஏறாவூரிலிருந்து ஒருவர் தனியாக எழுதி, குழுவின் பெயர் ஏன் இப்படி என்று கேட்டார். லின்டனின் தம்பிமார் இருவர் சண்டை பிடித்திருக்கிறார்கள். அடி வாங்கிய சின்னவன் அறைக்குள் போய், அண்ணன் ஜிம்மி உலக உருண்டையை வாய்க்குள் திணிப்பதுபோல் ஒரு படம் கீறி, கீழே இந்த மூன்று சொற்களையும் எழுதி வைத்தானாம். அதுதான் பெயர். பலர் நினைப்பதுபோல் அது பாடகர் ஜிம் அட்கின்ஸைக் குறித்தது இல்லை.

2024 ஜூன் 8

‘ஏன் கேட்டீர்கள்’ என்ற கேள்விக்கு இன்னும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

2003-இல், சமாதான காலத்தில், டொரொன்டோவில் இருந்த பெரியம்மாவின் மகன் இங்கே மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு வந்தார். திரும்பிப் போகும்போது கையில் கொண்டு திரிகிற சீடி பிளேயரான டிஸ்க்மனையும் கொஞ்சம் சீடிகளையும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பிடித்தவற்றை அவர் கொண்டு போய்விட்டார், இது மிஞ்சினது. எனக்கு ‘தி மிடில்’ தெரியாது, ‘கிளாரிட்டி’ என்று ஒன்று இருப்பதும் தெரியாது. இது முந்தினது, பிந்தினது என்ற எண்ணமே இல்லாமல் கேட்டேன். ஆங்கிலச் சொற்களும் பாதிதான் பிடிபட்டன. அமைதியாகத் தொடங்கி, தாங்க முடியாமல் போனதும் எல்லோரும் ஒன்றாக எழும்புகிற அந்த இடங்கள் மட்டும் முதல் நாளே புரிந்தன.

அடுத்த வருஷத்திலிருந்து மட்டக்களப்பில் இரவுகள் எப்படிப் போயின என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருட்டினால் ரேடியோவைக்கூடக் குறைத்து வைப்போம். நாய் குரைத்தால் தெரிய வேண்டும், ஒழுங்கையில் வாகனம் நின்றால் தெரிய வேண்டும். அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஒரு காதை வெளியே வை. ஆகவே இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் போட்டுக்கொண்டு, மற்றக் காதை வீதிக்குக் கொடுத்துவிட்டுத்தான் இந்த அல்பத்தைக் கேட்டேன். அதுவும் எப்போதும் வலது காதில். இடப்பக்கச் சுவருக்கு அப்பால்தான் ஒழுங்கை இருந்தது.

இரண்டு கிற்றார் உள்ள குழுவை அப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று பிறகுதான் விளங்கியது. வலப்பக்கத்துக் கிற்றாரை எனக்கு ஒவ்வொரு நரம்பாகத் தெரியும். மற்றது எங்கோ தூரத்தில் நிழலாக இருக்கும். சில இடங்களில் வாத்தியம் சட்டென்று மெலிந்துபோகும். அந்த வெறுமையை நான் பாட்டின் அழகென்று எடுத்துக்கொண்டு வளர்ந்தேன்.

2010-க்குப் பிறகு சவுண்ட் வேலை பழகும்போது நல்ல ஹெட்போன் ஒன்று கையில் கிடைத்தது. முதல் வேலையாக இதைப் போட்டேன். இடது காதில் ஒரு கிற்றார் இருந்தது. அவ்வளவு காலமும் நான் கேட்ட ஒவ்வொரு வரிக்கும் அங்கே ஒருவர் பதில் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ‘கிளேர்’ என்ற பாட்டில் எழும்பி வெளியே போய்விட்டேன், இருக்க முடியவில்லை. நான் தனி ஆளின் பாட்டு என்று வைத்திருந்தது இரண்டு பேரின் பாட்டு.

ஜூன் 3-இல் பிற்பாட்டைப் பற்றி எழுதும்போது இது என் தலைக்குள் இருந்தது. அங்கே எழுத மனம் வரவில்லை.

2024 ஜூன் 9

இந்தக் குழுவைச் சேர்க்கிற ‘எமோ’ என்ற வகையைப் பற்றி, “எமோ என்றால் அழுகைப் பாட்டு, அவ்வளவுதானே” என்று கேட்டவருக்கு: அவ்வளவு மட்டும் இல்லை. 1980-களின் நடுவில் வாஷிங்டன் டி.சி.யில் ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான, கத்தலான ரொக் வாசித்துக்கொண்டிருந்த சில குழுக்கள், அதே வேகத்தோடு சொந்த மனசைப் பற்றிப் பாடத் தொடங்கின. ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங் என்ற குழுவைத்தான் வழக்கமாக முதலில் சொல்வார்கள். அவர்களுடைய அல்பம் 1985. எமோ என்ற பெயர் அந்தக் குழுக்களுக்கே பிடிக்கவில்லை. பிறகு சியாட்டிலில் சன்னி டே ரியல் எஸ்டேட் 1994-இல் ‘டயரி’யைக் கொண்டுவந்தார்கள். அமைதி, உடைதல், மறுபடி அமைதி என்று போகிற அமைப்பு நாடு முழுக்கப் பரவியது. மேசாப் பொடியன்கள் அந்த அலைக்குள்தான் வருகிறார்கள். தலைமயிரைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிடும் ஸ்டைலெல்லாம் 2000-க்குப் பிறகு வந்த கதை.

1996 இந்த வகைக்குக் கொடுமையான வருஷம் என்றும் சொல்லலாம். செப்டம்பரில் வீசர் என்ற குழு ‘பிங்கர்ட்டன்’ அல்பத்தை வெளியிட்டார்கள். விமர்சகர்கள் அடித்துத் துவைத்தார்கள், விற்பனையும் விழுந்தது. அதைப் பிறகு உலகம் திரும்பி வந்து தூக்கிவிட்டது. அதே வருஷம் ஜூலையில் வந்த ‘ஸ்டாடிக் பிரிவேல்ஸ்’ திட்டு வாங்கும் அளவுக்குக்கூடக் கவனிக்கப்படவில்லை. திட்டு வாங்கியதற்கு மறு பார்வை கிடைக்கிறது. கவனிக்கப்படாததற்கு அதுவும் கிடைப்பதில்லை.

2024 ஜூன் 16

ஒத்திகை என்ற பேச்சுக்கு வருகிறேன். கல்முனைத் தம்பி நேற்றும் அதையே சொன்னார்: “நீங்களே கூத்தைச் சொன்னீர்கள். அரங்கேற்றத்துக்கு முன்னால் நடப்பதுதான் இது. அரங்கேற்றத்தைப் பார்த்தால் காணாதா?”

நல்ல கேள்வி. முதலில் எனக்குத் தோன்றிய பதில் இது. எங்கள் பக்கத்தில் கூத்துப் பழகுவது மாதக்கணக்கில் போகும். ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரிக்கிற சட்டம் கொடுப்பது, கிழமைக் கூத்து, சதங்கை அணி, கடைசி முழு ஒத்திகையான அடுக்குப் பார்ப்பது, அதற்குப் பிறகே அரங்கேற்றம். அடுக்குப் பார்க்கிற இரவுக்கு ஊர் திரண்டு வரும். முழு உடுப்பு இருக்காது, விளக்குக் குறைவு, ஆனால் கதை முழுசாக நடக்கும். அடியெடுப்பு பிழைத்தால் அண்ணாவியார் நிறுத்தித் திருத்துவார், ஆட்டக்காரர் முகத்தில் வெட்கமும் பிடிவாதமும் தெரியும். அரங்கேற்றத்தைவிட அந்த இரவே பிடிக்கும் என்று சொல்கிற கிழவர்மார் எத்தனையோ பேர். நானும் அந்தக் கட்சி.

எழுதி வைத்துவிட்டு இரண்டாம் தரம் யோசித்தேன். இந்தப் பதில் போதாது. அடுக்குப் பார்க்கிறவர்களுக்கு அரங்கேற்றம் எந்த நாள் என்று தெரியும். 1996-இல் அந்த நாலு பேருக்கு முன்னால் அப்படி ஒரு நாள் இல்லை. அல்பம் விற்காவிட்டால் நிறுவனம் அனுப்பிவிடும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ‘கிளாரிட்டி’ வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. வந்தபோதும் நிறுவனம் அதை வெளியிடத் தயங்கித் தள்ளிப்போட்டது. அதிலுள்ள ‘லக்கி டென்வர் மின்ட்’ பாட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் வானொலியில் ஓடத் தொடங்கிய பிறகே வெளியே விட்டார்கள்.

ஆகவே இது எதற்கும் ஒத்திகை இல்லை. இது அவர்களிடம் அப்போது இருந்த முழுதும். பின்னால் வந்ததை வைத்து முன்னால் இருந்ததற்குப் பெயர் வைப்பது நாங்கள், கேட்கிறவர்கள். எனக்கு அந்த வசதி 2003-இல் இல்லாமல் போனதை என் அதிர்ஷ்டமாக நினைக்கிறேன். அடுத்தது என்ன என்று தெரியாமல் பாடியதை, அடுத்தது என்ன என்று தெரியாமலே கேட்டேன்.

2024 ஜூன் 16, கொஞ்சம் கழித்து

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘கிளாரிட்டி’ மேலான வேலை என்பதை ஒத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன். மணிகள், வயலின், இயந்திரத் தாளம், பதினாறு நிமிடம் ஓடும் கடைசிப் பாட்டு ‘குட்பை ஸ்கை ஹார்பர்’ என்று ஸ்டூடியோவை ஆளத் தெரிந்தவர்களின் அல்பம் அது. என் வாதம் அதற்குப் போட்டியாக இதை நிறுத்துவது இல்லை.

2024 ஜூன் 22

வாழைச்சேனையிலிருந்து எழுதியவர், லின்டன் ‘ஸ்டாடிக் பிரிவேல்ஸ்’ஸுக்குப் பிறகு பாடவே இல்லை என்கிறார். ஒரு திருத்தம். ‘கிளாரிட்டி’யில் ‘பிளிஸ்டர்’ அவர் பாடினது. அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 2010-இல் ‘இன்வென்டட்’ அல்பத்தில் ‘அக்ஷன் நீட்ஸ் அன் ஓடியன்ஸ்’ என்ற பாட்டில் திரும்ப முன்குரலுக்கு வந்தார். லின்டன் ஒதுக்கப்பட்டாரா என்று அதே வாழைச்சேனைக்காரர் கேட்ட மற்றக் கேள்விக்கு: அப்படி சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவர் கிற்றாரோடு குழுவில்தான் இருக்கிறார், நாலு பேரும் அதே நாலு பேர். இத்தனை வருஷம் ஆள் மாறாத ரொக் குழு எத்தனை இருக்கிறது?

ஒருவர் பின்குரலுக்கு நகர்ந்து, அதிலேயே நிலைத்து நிற்பதற்கு ஒரு மனசு வேண்டும். பிற்பாட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அவர் இல்லாமல் களரி தொடங்கவும் மாட்டார்கள்.

2024 ஜூலை 5

இதில் பலவீனமே இல்லையா என்று அக்கரைப்பற்றுத் தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் ட்ரம்ஸ் வாசிப்பவர், அவருக்குப் பூசி மெழுகிச் சொல்ல முடியாது.

இருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே வேகம், ஒரே தடிப்பு, ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது தெரியாது. சில இடத்தில் கத்தல் பாட்டை முந்திக்கொண்டு போகிறது, சொல்ல என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முன்னமே உரத்துவிடுகிறார்கள். ‘ரொக்ஸ்டார்’ நல்ல பாட்டுத்தான், ஆனால் வானொலிக்கு ஒன்று வேண்டும் என்று யாரோ பக்கத்தில் நின்றதுபோல எனக்குக் கேட்கும். இது என் காதின் சந்தேகம் மட்டுமே.

பலம் என்று பார்த்தால் ட்ரம்ஸ் பதிவு. குழுவோடும் வெஸ் கிட் என்பவரோடும் சேர்ந்து இதைத் தயாரித்தவர் மார்க் ட்ரொம்பினோ. அவர் ட்ரைவ் லைக் ஜெஹு என்ற சான் டியேகோக் குழுவின் ட்ரம்மராக இருந்தவர். அதனால்தான் ஸ்னேர் அடி விழுந்த அறை காதுக்குத் தெரிகிறது, சிம்பல் கிற்றாரைத் தின்னவில்லை. சாக் லிண்ட் பாட்டுக்குத் தேவையானதை மட்டும் அடிக்கிறார், அதையும் முழுக் கையோடு அடிக்கிறார். தங்கச்சி, ‘செவன்டீன்’ போட்டுக் கால் ட்ரம்மை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

அமைதிப் பாட்டுகள் இன்னொரு பலம். ‘எபிசோட் ஃபோர்’ வரும்போது முந்தின பாட்டுகளின் இரைச்சல் எதற்காக என்று விளங்கும். ‘டிஜிட்ஸ்’ ஏழு நிமிடத்துக்கு மேல். அந்த வயதில் ஏழு நிமிடம் பொறுமையாக இருக்கத் துணிந்தவர்கள்தான் மூன்று வருஷத்துக்குப் பிறகு பதினாறு நிமிடம் எடுத்தார்கள். கடைசிப் பாட்டு ‘அன்டர்சன் மேசா’. அது அவர்கள் மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊருக்கு வெளியே உள்ள ஒரு மேட்டுநிலம். இருட்டு வானத்துக்காக லொவெல் வானாய்வகம் அங்கே தொலைநோக்கிகள் வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் பாட்டுக்கு வைக்கிற பழக்கம் இவர்களுக்கு அப்போதே இருந்தது. ‘கிளாரிட்டி’யின் கடைசிப் பாட்டிலும் ஃபீனிக்ஸ் விமான நிலையம் பெயரில் இருக்கிறது. ஒன்று இரவில் ஏறிப் போகிற மேடு, மற்றது ஊரைவிட்டுப் போகிற வாசல். இரண்டு அல்பத்துக்கும் இடையில் நடந்ததை இந்த இரண்டு பெயரும் சொல்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

2022 மார்ச் மாதத்து மின்வெட்டில் ஊர் முழுக்க மணிக்கணக்காக இருட்டாகக் கிடந்தபோது, தொலைபேசியில் மிச்சம் இருந்த சார்ஜில் கடைசி இரண்டு பாட்டை மட்டும் கேட்பேன். இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு.

2024 ஜூலை 13

கிற்றார் பற்றிக் கேட்டவர்களுக்கு முதலில் ஊர் நிலவரம். கடல் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் கம்பிகள் ஒரு மாதம் தாங்காது. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடையுங்கள். இந்தக் குழுவை வாசிக்க விலை கூடிய கிற்றார் தேவையில்லை. இரண்டு கிற்றார் தேவை.

இங்கே டச் பார் என்ற இடத்தில் பறங்கி அங்கிள் ஒருவரிடம்தான் நான் கை பழகினேன். அவர் வீட்டில் கஃப்ரிஞ்ஞா என்ற பறங்கியர் ஆட்டப் பாட்டுக்கு வயலினும் கிற்றாரும் தலைமுறையாக இருந்தன. இந்த அல்பத்தை ஒருநாள் அவருக்குப் போட்டுக் காட்டினேன். சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. நாலைந்து பாட்டுக்குப் பிறகு, “பொடியன்கள் ஆளை ஆள் கேட்டு வாசிக்கிறான்கள் மகன். அது படிப்பிக்க ஏலாது” என்றார். அவருக்கு இது என்ன வகை, எந்த வருஷம், எது முந்தினது என்று ஒன்றும் தெரியாது.

சுனாமிக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை, பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். என் சீடி தப்பினது கோட்டமுனையில் ஒரு நண்பன் இரவல் வாங்கிப் போயிருந்ததால். கிற்றாரும் டிஸ்க்மனும் வீட்டோடு போயின. வேறு பல வீடுகளில் போனவற்றுக்கு முன்னால் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சொல்ல வந்தது அந்த ஒரு வசனத்துக்காக. ஆளை ஆள் கேட்டு வாசிக்கிறார்கள். இந்த அல்பத்தைப் பற்றி நான் இத்தனை நாளாக எழுதியதில் அதைவிடச் சரியான ஒன்று இல்லை.

2024 ஜூலை 14

கேட்கத் தொடங்குகிறவர்கள் முதல் பாட்டில் தொடங்க வேண்டாம். ‘கிளேர்’, ‘செவன்டீன்’, ‘எபிசோட் ஃபோர்’, ‘அன்டர்சன் மேசா’. இந்த நாலும் பிடித்தால் மறுகா முதலிலிருந்து முழுசாக. பிடிக்காவிட்டால் ‘கிளாரிட்டி’க்குப் போங்கள், ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து பாருங்கள்.

2024 ஓகஸ்ட் 6

மாமாங்கத் தீர்த்தம் முடிந்து நேற்றுத்தான் பெட்டிகள் எல்லாம் வீடு வந்தன. மூன்று வாரமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை, அதற்குள் பத்துப் பதினைந்து பேர் எழுதிவிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடியாது, முக்கியமானதற்கு மட்டும்.

கல்முனைத் தம்பி அல்பத்தை வரிசையாகக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார். கருத்து மாறவில்லையாம், ‘கிளாரிட்டி’தான் பெரிதாம், ஆனால் ‘டிஜிட்ஸ்’ பாட்டைத் தினமும் போடுகிறாராம். போதும் தம்பி. நான் கேட்டதும் அவ்வளவுதான்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி, சேர்ந்து வாசித்துப் பார்ப்போமா என்று கேட்டார். கட்டாயம். இந்தப் பாட்டுகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஒரு தரமாவது ஆட்களோடு நின்று வாசிக்காமல் விடுவது எனக்கும் சரியில்லை. கல்லடியில் எங்கள் களஞ்சிய அறை இருக்கிறது. மிக்ஸரும் மைக்கும் என் பொறுப்பு. ட்ரம் செட் பழசு, ஸ்னேர் மட்டும் தங்கச்சி கொண்டுவர வேண்டும். பேஸ் வாசிக்க ஏறாவூர்க்காரர் சம்மதித்துவிட்டார். தம்பி கிற்றாரோடு வருகிறார், இரண்டாவது கிற்றார் நான். அவர் வலப்பக்கம் நிற்கட்டும், நான் இடப்பக்கத்தை எடுக்கிறேன்.

குரலை முன்கூட்டியே பேசி வைப்போம். ‘செவன்டீன்’ தம்பி முன்குரல், பிற்பாட்டு நான். ‘கிளேர்’ பாடத் தங்கச்சி கேட்டிருக்கிறார். வாசித்துக்கொண்டே பாட முடியும் என்றால் ட்ரம்ஸுக்கு மேலால் ஒரு மைக் இறக்கித் தருகிறேன். ‘டிஜிட்ஸ்’ இப்போதைக்கு வேண்டாம், ஏழு நிமிடம் தாங்குவதற்கு முதலில் ஆளை ஆள் பழக வேண்டும்.

‘கிளாரிட்டி’யிலிருந்தும் ஒன்று வேண்டும் என்று தம்பி நிபந்தனை போடுகிறார். சரி, ‘பிளிஸ்டர்’ எடுப்போம்.